சபாஷ் மீனா: பாதியில் நின்ற படம்

போன கிழமை இரவு முழுக்க மழை. கரண்டும் போய்விட்டது, போனில் மட்டும் கொஞ்சம் சார்ஜ் இருந்தது. அம்மாவும் நானும் சபாஷ் மீனாவைப் பார்த்து முடித்தோம். முடித்தோம் என்று அழுத்திச் சொல்லக் காரணம், இந்தப் படத்தை நான் பாதியில் விட்டு இருபது வருடத்துக்கு மேலாகிறது.

அது 2002 போர்நிறுத்தத்தோடு வந்த சமாதான காலம். யாழ்ப்பாணம் போகிற ஏ9 பாதை திறந்து சாமான்கள் வரத் தொடங்கியிருந்தன, ஆனால் வன்னியில், ஒட்டுசுட்டானில் எங்கள் பக்கத்துக்குக் கரண்ட் வரவில்லை. மாமா வீட்டில் சாமத்திய வீடு (பூப்புனித நீராட்டு), இரவு முற்றத்தில் வீடியோ டெக்கும் ஜெனரேற்றரும் வாடகைக்கு எடுத்துப் படம் போட்டார்கள். முதல் படம் பெரியவர்களுக்காம், கறுப்பு வெள்ளை. பெடியங்கள் நாங்கள் பாயில் கிடந்து முறுமுறுத்தோம். கொஞ்ச நேரத்தில் ஒருத்தன் எழும்பி, "டேய், இது உள்ளத்தை அள்ளித்தா கதையடா" என்றான். முழுக்கச் சரியில்லை, ஆனால் 1996இல் வந்த அந்தப் படத்தில் இதன் சாயல் இருக்கத்தான் செய்கிறது. ஹிந்திக்காரர்கள் இன்னும் முந்தி, 1962லேயே ஷம்மி கபூரையும் மெஹ்மூத்தையும் வைத்து இதை எடுத்துவிட்டார்கள்.

கதை சின்னது. பொறுப்பில்லாத மகன் சிவாஜியை அப்பா சென்னையிலுள்ள தன் சிநேகிதர் வீட்டுக்கு அனுப்ப, மகன் தன் பெயரைச் சொல்லி நண்பன் சந்திரபாபுவை அங்கே அனுப்பிவிடுகிறான். போதாததற்கு அதே முகத்தோடு ஒரு ரிக்சாக்காரன், அவனும் சந்திரபாபுதான். இரண்டு பேரும் ஒரே ஆள் என்பது தெரிந்த பிறகும் எனக்கு நம்பச் சிரமமாக இருந்தது; நடை வேறு, முதுகு வளைகிற விதம் வேறு, பேச்சு வேறு. ரிக்சாக்காரனின் மெட்ராஸ் பாஷை அம்மம்மாவுக்கு அரைவாசியும் விளங்கவில்லை, ஆனாலும் மற்ற எல்லாரையும்விட அவதான் கூடச் சிரித்தா.

சரியாகக் குழப்பம் உச்சத்தில் நிற்கும்போது மண்ணெண்ணெய் முடிந்து ஜெனரேற்றர் நின்றது. மாமா சைக்கிளில் போய் வாங்கி வந்ததும் புதுப்படம் போடச் சொல்லிக் கத்தினோம். அந்தச் சத்தத்தில் என் குரலும் இருந்தது. பிறகு கனகாலம், அந்தப் பெடியன் கடைசியில் பிடிபட்டானோ என்று அம்மம்மா கேட்டுக்கொண்டிருந்தா.

இப்போது பார்க்கும்போது சிவாஜியும் எனக்குப் புதிதாகத் தெரிகிறார். 1958இல் வந்த படம் இது. அடுத்த வருடமே இதே இயக்குநர் பி.ஆர். பந்துலுவோடு சேர்ந்து கட்டபொம்மனாகக் கர்ஜிக்கப் போகிற மனுசன், இங்கே பகிடி முழுவதையும் கூட நிற்கிறவனிடம் கொடுத்துவிட்டுத் தான் ஒரு பக்கமாக நிற்கிறார். எல்லாக் கதாநாயகனும் செய்கிற காரியமில்லை அது. சரோஜாதேவி இதில் சந்திரபாபுவுக்குத்தான் ஜோடி, சிவாஜிக்கில்லை.

சந்திரபாபு கொழும்பில் வளர்ந்தவர் என்று அம்மாவுக்குச் சொன்னேன், நம்பவில்லை. 1927 ஓகஸ்டில் தூத்துக்குடியில் பிறந்தவர், அங்குள்ள பனிமய மாதாவை வைத்துத்தான் பெயரில் பனிமயதாஸ். தகப்பன் சுதந்திரப் போராட்டத்தில் இருந்தவர், வெள்ளைக்காரன் அவர்கள் குடும்பத்தை இலங்கைக்கு அனுப்பிவிட்டான். படிப்பெல்லாம் கொழும்பில், சென்னைக்குத் திரும்பியது 1943இல். அப்படியென்றால் அந்த மெட்ராஸ் பாஷை அவர் வாய்க்குப் பிறந்த பாஷையில்லை, வளர்ந்த பிறகு காதால் பிடித்தது! அம்மம்மாவும் அவரும் ஒருவகையில் ஒரே கடலுக்கு இந்தப் பக்கத்து ஆட்கள்தான்.

குரலைச் சட்டென்று மேலும் கீழும் உடைத்துப் பாடுகிற யோடலிங்கைத் தமிழ்ப் பாட்டுக்குள் கொண்டுவந்தவர், சொந்தக் குரலில் பாடினவர், ஆடினவர், தட்டுங்கள் திறக்கப்படும் என்று ஒரு படத்தை இயக்கியும் பார்த்தவர். 1974 மார்ச்சில் போய்விட்டார், 46 வயது. எனக்கு இன்னும் நாலு வருடத்தில் அந்த வயது வரும்.

படம் முடிந்ததும் அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "குங்குமப் பூவே இருக்குதோ, போடு" என்றா. நாலு வீதம் சார்ஜ் இருந்தது. போட்டேன்.