ஆப்பசோடாவை வைத்து அமிலங்களை வரிசைப்படுத்தியது

முதல் வேலை, செறிவைச் சமமாக்குவது. வினிகரையும் சிட்ரிக் ஆசிட் பொடியையும் கைக்கு வந்தபடி கலக்கினால் அளவுதான் தெரியும், வலிமை தெரியாது. 4 சதவீத வினிகரில் 15 மில்லி எடுத்துத் தண்ணீர் சேர்த்து 100 மில்லி ஆக்கினால் 0.1 மோலார் (லிட்டருக்கு 0.1 மோல்). சிட்ரிக் ஆசிட் 2 கிராமை 100 மில்லியாகக் கரைத்தாலும் கிட்டத்தட்ட அதே செறிவு. பிஹெச் தாளில் வினிகர் 3 பக்கம், சிட்ரிக் 2 பக்கம். சங்குப்பூ ஊறிய நீலத் தண்ணீரில் விட்டதும் வினிகர் கிண்ணம் கத்தரிப்பூ நிறமானது. சிட்ரிக் கிண்ணம் ரோஸ் பக்கம் சாய்ந்தது. அமிலம் தன் புரோட்டானை (ஹைட்ரஜன் அயனியை) எவ்வளவு எளிதாக விடுகிறது என்று காட்டும் எண் பிகேஏ. புத்தகத்தில் அது வினிகரின் அசிட்டிக் அமிலத்துக்கு 4.76, சிட்ரிக்குக்கு 3.13. எண் குறையக் குறைய வலிமை கூடும், அதனால் கணக்கு ஒத்துவருகிறது.

அடுத்து ஆப்பசோடா. சோடா புரோட்டானை வாங்கினால் கார்பானிக் அமிலமாகி, அது உடைந்து கார்பன் டை ஆக்சைடு நுரையாக வரும். அதனால் சோடாக் கரைசலில் ஒரு பொருள் நுரைத்தால் அது கார்பானிக் அமிலத்தைவிட (பிகேஏ 6.35) வலிமையானது என்று தைரியமாக எழுதிக்கொள்ளலாம். ஆஸ்பிரின் மாத்திரையைப் பொடித்துப் போட்டேன். சோம்பலாகத்தான் குமிழ் விட்டது. ஆனால் அதன் பிகேஏ 3.5, வினிகரைவிட வலிமை. தண்ணீரில் சரியாகக் கரையாததால்தான் இந்த மந்தம். நுரை எவ்வளவு வேகம் என்பதை வைத்து வலிமையை முடிவு செய்யக் கூடாது. பாராசிட்டமால் பொடி (பிகேஏ 9.5) அப்படியே கிடந்தது. கிராம்பு எண்ணெய்த் துளி உருண்டையாக அடியில் போய் உட்கார்ந்துகொண்டது, ஒரு குமிழ்கூட இல்லை. அதில் உள்ள யூஜினாலும் பாராசிட்டமால் மாதிரி பீனால் வகை, அதாவது பென்சீன் வளையத்தில் ஓஹெச் தொகுதி நேரடியாக ஒட்டியது.

புரோட்டான் போன பிறகு மிஞ்சும் எதிர்மின்சுமை எங்கே தங்குகிறது என்பதுதான் விஷயம். அசிட்டிக் அமிலத்தில் இரண்டு ஆக்சிஜன் சரிபாதியாகச் சுமக்கின்றன. பீனாலில் வளையமும் கொஞ்சம் தோள் கொடுக்கிறது, ஆனால் கார்பனுக்கு அந்தச் சுமை அவ்வளவாக ஒத்துக்கொள்ளாது. எத்தனாலில் (சாதாரண ஆல்கஹால்) ஒற்றை ஆக்சிஜன் தனியாகத் தூக்க வேண்டும், பிகேஏ 16. சங்குப்பூத் தண்ணீரில் அதை விட்டும் நீலம் நீலமாகவே இருந்தது.

பீனாலை அமிலமே இல்லை என்று தள்ளவும் முடியாது. எதிரே உள்ள காரம் (புரோட்டானை வாங்கும் பொருள்) பலமாக இருந்தால் பீனாலும் புரோட்டானை விடும். மஞ்சளில் சுண்ணாம்பு பட்டதும் சிவக்கிறதே, அங்கே மஞ்சளின் நிறப்பொருளான குர்குமினின் பீனால் தொகுதிகள் புரோட்டானை இழக்கின்றன. ஆரத்தித் தட்டில் நடப்பதும் இதே வேதியியல்தான்.

எனக்கு ரொம்பப் பிடித்தது வைட்டமின் சி. வினிகரில் இருப்பது போன்ற கார்பாக்சில் (COOH) தொகுதியே அதில் கிடையாது, ஆனாலும் அஸ்கார்பிக் அமிலம் என்ற இந்த வைட்டமின் சோடாவில் நன்றாகவே நுரைத்தது. பிகேஏ சுமார் 4.2. இரட்டைப் பிணைப்பில் உள்ள ஓஹெச் ஒன்று புரோட்டானை விட்டதும் அந்தச் சுமை பக்கத்துக் கார்பனைல் (C=O) ஆக்சிஜன் வரை பரவிவிடுகிறது.

இனி புளி. அதன் டார்டாரிக் அமிலத்தில் ஒரு பகுதி பொட்டாசியம் உப்பாகவே இருக்கிறது. அதனால் பிஹெச் தாள் மட்டும் போதாது, டைட்ரேஷன் (அளவு தெரிந்த காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு அமிலத்தை அளப்பது) செய்ய வேண்டும். அதற்கான அளவுக் குழாய், பியூரெட் ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன்.