எட்டு மணி என்று சொன்னேன்

"எத்தனை மணிக்கு வரும் தம்பி?" என்று அந்த அக்கா போனில் கேட்டபோது நள்ளிரவு 12 ஆகப் போகிறது. "காலைல எட்டு மணிக்கு நீங்க ஆபீஸ் வரும்போது சர்வர் ஓடிக்கிட்டு இருக்கும்கா, நிம்மதியா தூங்குங்க" என்றேன். வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. அவர்கள் சர்வர் இருந்த ஸ்டோரேஜ் செத்துப்போயிருந்தது. பேக்கப்பிலிருந்து எல்லாவற்றையும் திரும்ப இறக்கும் வேலையை, அதாவது ரீஸ்டோரை, 11.40க்குத் தொடங்கினோம். 100 ஜிபி சிஸ்டம் டிஸ்க் 17 நிமிடத்தில் இறங்கிவிட்டது, வினாடிக்குக் கிட்டத்தட்ட 100 எம்பி. மீதி 1.6 டிபி டேட்டா டிஸ்க். அதே வேகத்தில் போனால் நாலரை மணி நேரம். அதற்கு மேலும் மூன்றரை மணி நேரம் கூட்டி வைத்துத்தான் எட்டு என்றேன்.

இதை எத்தனை பேரிடம் சொல்லிவிட்டேன் என்று எனக்கே தெரியாது. கணக்கு சரிதான். ஆனால் அது சிஸ்டம் டிஸ்க்கின் கணக்கு.

டேட்டா டிஸ்க் ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் வேகம் வினாடிக்கு 28 எம்பிக்கு இறங்கி, அங்கேயே நின்றுவிட்டது. பேக்கப் இருந்தது டெடுப் பெட்டியில், அதாவது இரட்டிப்பை நீக்கிச் சேமிக்கும் பெட்டியில். ஒரே மாதிரியான பிளாக்கை ஒரு தடவைதான் எழுதி வைக்கும். இடம் மிச்சம், எழுதும்போது வேகம். திரும்ப எடுக்கும்போதுதான் தெரியும். கல்யாண வீட்டுப் பாத்திரங்களை ஊரெல்லாம் இரவல் கொடுத்துவிட்டு, மறுநாள் ஒவ்வொரு வாசலாகப் போய்ச் சேகரிப்பது மாதிரி, டிஸ்க் முழுக்கச் சிதறிக் கிடப்பதைத் தேடித் தேடிப் படிக்க வேண்டும். போதாக்குறைக்கு அந்தப் பெட்டி தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும் வாராந்தர வேலையும் அதே இரவில் ஓடிக்கொண்டிருந்தது. அதை நான் மறுநாள்தான் பார்த்தேன்.

நெட்வொர்க் மீதும் சந்தேகம் வந்தது. பேக்கப் டேட்டாவைக் கடத்தும் எங்கள் பிராக்ஸி ஒரு விஎம், அதாவது மென்பொருளுக்குள் ஓடும் சர்வர். அதுவும் செத்துப்போன அதே ஸ்டோரேஜில் இருந்தது. அதனால் டிஸ்க்கை நேரடியாக மாட்டி எழுதும் ஹாட்ஆட் வழி அடைபட்டு, மென்பொருள் சத்தமில்லாமல் நெட்வொர்க் வழிக்கு மாறிவிட்டது. லாகில் டிஸ்க் பெயருக்குப் பக்கத்தில் நெட்வொர்க் வழியைக் குறிக்கும் 'என்பிடி' (NBD) என்று மூன்றே எழுத்து. 11.45க்கே அதைப் பார்த்தேன். மேனேஜ்மென்ட் போர்ட் 1 கிகாபிட், 110 எம்பி வரை வரும், போதும் என்று விட்டுவிட்டேன். அது தப்பில்லை. அடைப்பு அங்கே இல்லை.

1.15 மணி. என்னுடன் ஷிப்டில் இருந்த தம்பி கைப்பேசியில் கணக்குப் போட்டுத் திரையை என் பக்கம் திருப்பினான். "இதே வேகம்னா மத்தியானம் நாலு மணி ஆயிரும்ணே. அக்காவுக்கு ஒரு மெசேஜ் போட்டுரலாமா?"

"இப்ப எதுக்கு? பாவம், தூங்கட்டும். வேகம் ஏறினாலும் ஏறும்" என்றேன்.

அவன் ஒன்றும் சொல்லாமல் கைப்பேசியைக் கவிழ்த்து மேசையில் வைத்தான். அவன் வைத்த விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

அந்த அக்கா கோலாலம்பூரில் ஜாலான் ஈப்போ பக்கம் ஒரு துப்புரவு நிறுவனத்தில் சம்பளக் கணக்கு பார்ப்பவர். மறுநாள் 7ஆம் தேதி. சம்பளக் காலம் முடிந்து ஏழாம் நாளுக்குள் கூலி போய்ச் சேர வேண்டும் என்பது மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம். வங்கிக்குக் கோப்பு அனுப்பக் கடைசி நேரம் காலை 11. இரண்டுமே எனக்குத் தெரியும். தெரிந்துதான் "தூங்கட்டும்" என்றேன். இரக்கத்தில் சொன்னதாகத்தான் அன்று நினைத்தேன். சொன்ன எட்டு மணியைத் திருப்பி வாங்க மனம் வராமல் சொன்னேனோ என்று இப்போது தோன்றுகிறது. சில நாள் இது, சில நாள் அது.

4.50க்கு, 34 சதவீதத்தில், ரீஸ்டோர் டைம்அவுட் ஆகி விழுந்தது. அப்புறம் யோசிக்க ஒன்றுமில்லை. பேக்கப்பையே நெட்வொர்க் டிஸ்க்காக (என்எஃப்எஸ்), விஎம்கள் ஓடும் ஹோஸ்ட் கணினியில் மாட்டி, இறக்காமல் அங்கிருந்தே அக்காவின் சர்வர் விஎம்மை எழுப்பினோம். முதலிலேயே இதைச் செய்யாததற்குக் காரணம் இருந்தது: டெடுப் பெட்டியிலிருந்து ஓடும் விஎம் நடக்காது, தவழும். 5.30க்கு லாகின் திரை வந்தது.

அதாவது எட்டு மணிக்கு சர்வர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. சைபர்ஜெயாவிலிருந்து மெக்ஸ் நெடுஞ்சாலையில் கோலாலம்பூர் நோக்கி வரும்போது இதையே சொல்லிக்கொண்டு வந்தேன். எங்கள் ரிப்போர்ட்டிலும் 'காலை 8க்கு முன் சேவை மீட்கப்பட்டது' என்றுதான் இருக்கிறது. பொய் இல்லை.

ஒன்பது மணிக்கு அவர்கள் அலுவலகத்துக்குள் நுழைந்ததும் அக்கா கேட்ட முதல் கேள்வி, "பசியாறிட்டீங்களா தம்பி?" அவருடைய திரையில் ஓவர்டைம் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. வழக்கமாக 20 நிமிட வேலை. அரை மணி நேரத்தில் பச்சைக் கோடு சுண்டுவிரல் அகலம்கூட நகரவில்லை. அந்த நேரம் இரவு ஷிப்ட் முடித்த ஒரு அம்மா சாவிக்கொத்தை ஒப்படைக்க வந்தார். சோப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்த விரல்கள். நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "சம்பளம் இன்னிக்குத்தானேக்கா?" என்று கேட்டார்.

"இன்னிக்குத்தாம்மா" என்றார் அக்கா. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

நான் கொடுத்த வாக்கை அவர் இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டார். அந்த அம்மா அதை வீட்டுக்காரருக்கோ கடைக்காரருக்கோ கொடுத்திருப்பார். கணக்கு முடிய மதியம் ஒன்றைத் தாண்டியது. சம்பளம் 8ஆம் தேதிதான் ஏறியது.

அக்கா கோபப்படவில்லை. "ராத்திரியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, காலைல ஏழு மணிக்கே வந்து, போன மாசக் கோப்பை வச்சு ஒரு அட்வான்ஸ் போட்டு விட்டிருப்பேன் தம்பி" என்றார். அவ்வளவுதான்.

பிராக்ஸியை வேறு ஸ்டோரேஜுக்கு மாற்றினோம். சுத்தம் செய்யும் வேலையைப் பகலுக்குத் தள்ளினோம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை முழு விஎம்மையும் ரீஸ்டோர் செய்து பார்க்கிறோம். இதெல்லாம் சுலபம். என்னிடம் நேரம் கேட்டால் என்ன சொல்வது என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை. போன மாதம் வேறொரு இடத்தில் "சொல்ல முடியாதுங்க" என்று உறுதியாக நின்றேன். ஆறு பேர் வீட்டுக்குப் போகாமல் இரவெல்லாம் நாற்காலியில் காத்துக் கிடந்தார்கள். ரீஸ்டோர் இரண்டரை மணி நேரத்தில் முடிந்தது, அவர்கள் செய்ய வேண்டிய வேலையோ விடிந்த பிறகுதான் இருந்தது. அவர்களை வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். ஒரு நேரம் சொல்லியிருந்தால் போயிருப்பார்கள்.

போன வாரம் அக்காவின் சர்வரைச் சோதனைக்காக ரீஸ்டோர் செய்தோம். 5 மணி 40 நிமிடம். அவருக்கு அதை அனுப்பும்போது, 'வேறு வேலை எதுவும் ஓடாத இரவில்' என்று சேர்த்தேன். பிறகு அதை எடுத்தேன். பிறகு மறுபடியும் சேர்த்து அனுப்பினேன். "சரி தம்பி, அப்ப எட்டு மணி நேரம்னு வச்சுக்கறேன்" என்று பதில் வந்தது.