எந்தக் காகிதம் வேண்டும்?

சேலத்தில் ஓர் அரசு அலுவலகத்தில், தகவல் அறியும் உரிமைச் சட்ட மனுக்களைப் பார்க்கும் சீட்டில் பல வருடம் இருந்தேன். யாரும் ஆசைப்பட்டு உட்காரும் சீட் இல்லை அது. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய மனு ஒன்று வந்தால் 30 நாளுக்குள் பதில் போயாக வேண்டும். தாமதித்தால் பொதுத் தகவல் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் அபராதம் போடச் சட்டத்தில் இடமிருக்கிறது. அதனால் உறையைப் பிரித்ததும் முதலில் பார்ப்பது, கேட்டிருப்பது காகிதமா, காரணமா என்பதைத்தான்.

"எங்க ஊர் ரோட்டை ஏன் ஒழுங்காகப் போடவில்லை? யார் யார் தின்றார்கள்?" என்று ஏற்காடு மலைக் கிராமம் ஒன்றிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். பதிவேட்டில் இருப்பதைத்தான் தர முடியும், ஏன் என்பதற்கு விளக்கம் தர வேண்டியதில்லை. ஒரே வரியில் பதில் போட்டு முடித்தோம். அடுத்த முறை, யார் சொல்லிக்கொடுத்தார்களோ, அதே ஆள் மதிப்பீடு, ஒப்பந்தம், எம்.புக் மூன்றுக்கும் நகல் கேட்டார். ஆபீஸே பரபரத்தது. எம்.புக் என்பது அளவுப் புத்தகம். எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம், ஜல்லி எத்தனை கனம், எந்தத் தேதியில் யார் அளந்து கையெழுத்துப் போட்டார் என்பதெல்லாம் அதில் இருக்கும். பக்கத்துக்கு இரண்டு ரூபாய் கட்டி நகலை வாங்கிக்கொண்டு, டேப்போடு ரோட்டுக்கே போய்விடலாம். கோபமாக எழுதிய முதல் மனுவுக்கு அசையாதவர்கள், இந்த மூன்று வரிக்கு அசைந்தார்கள்.

இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டதால், வாட்ஸ்அப் அரசியல் சண்டைகளைப் படிக்கும்போது எனக்குக் கை துறுதுறுக்கும். எங்கள் ஊழியர் குழுவில் அடிக்கடி கிளம்பும் விவகாரம், இரும்பாலையைச் சேலத்துக்குக் கொண்டுவந்தது யார் என்பது. ஒருவர் ஒரு படத்தைப் போடுவார். "ஆதாரம் இருக்கா?" என்பார் இன்னொருவர். "நீ மட்டும் கொடுத்தியா?" அவ்வளவுதான், அப்புறம் பேச்சு சாதி வரைக்கும் போகும். ஆதாரம் கேட்டவருக்கு ஆதாரம் வந்தால் என்ன செய்வதென்றே தெரியாது. எதிராளி வாயை மூட வேண்டும், அதற்குத்தான் கேட்பது.

இரும்பாலைக்கு ஒரே ஒரு தேதி கிடையாது. 1967-இல் அண்ணா முதல்வராக இருந்தபோது அதைக் கேட்டு எழுச்சி நாள் நடந்தது. 1970 ஏப்ரலில் நாடாளுமன்றத்தில் அறிவித்தவரும், செப்டம்பரில் அடிக்கல் நாட்டியவரும் இந்திரா காந்தி. அப்போது இங்கே முதல்வர் கருணாநிதி. தகடு உருட்ட ஆரம்பித்தது 1981-இல், எம்.ஜி.ஆர். ஆட்சியில். (கஞ்சமலை இரும்புத் தாதுவைக் காட்டித்தான் ஆலை கேட்டார்கள். கடைசியில் உருட்டியது வெளியிலிருந்து வந்த எஃகுச் சுருளை. இதைப் பற்றி யாரும் சண்டை போடுவதில்லை.) எந்தக் கட்சிக்காரருக்கும் பிடித்துக்கொள்ள ஒரு தேதி இருக்கிறது, அது உண்மையான தேதியும்கூட.

கோப்பு பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. அறிவிப்பு வேறு, நிர்வாக ஒப்புதல் வேறு, நிதி ஒதுக்கீடு வேறு, டெண்டர் வேறு. சட்டமன்றத்தில் 110 விதியின் கீழ் அறிவித்ததை வேலையே முடிந்த மாதிரி பகிர்கிறவர்களும், டெண்டர் விடவில்லை என்பதற்காக அறிவிப்பே பொய் என்கிறவர்களும் ஒரே அவசரக்காரர்கள்தான். ஒருமுறை குழுவில், "அண்ணே, உங்களுக்கு அடிக்கல் தேதி வேணுமா, உற்பத்தி தொடங்கின தேதி வேணுமா?" என்று கேட்டேன். "நீ யார் பக்கம், அதை முதல்ல சொல்லு" என்று பதில் வந்தது.

காகிதம் இல்லை என்பதையும் கொஞ்சம் நிதானமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஓ.மு. என்று முடித்த கோப்பு ஓராண்டில் அழிக்கப்படும், ப.மு. என்றால் பத்தாண்டு இருக்கும். அழித்த கோப்பைக் கேட்டு, கிடைக்கவில்லை என்றதும் "பாத்தியா, மறைக்கிறாங்க" என்று எழுதுவது சுலபம். மறைப்பதும் நடக்கும்தான். எது எந்த வகை என்று அழிப்புப் பதிவேட்டைக் கேட்டால் தெரிந்துவிடும்.

போன தேர்தல் முடிந்ததும், "எங்க தெருவே மொத்தமா அவங்களுக்குத்தான் போட்டுச்சு" என்று ஒருவர் அடித்துச் சொன்னார். இதற்குப் படிவம் 20 இருக்கிறது. வாக்குச்சாவடி வாரியாக யாருக்கு எத்தனை என்று தேர்தல் அதிகாரி கையெழுத்திட்ட தாள், தேர்தல் துறை இணையதளத்திலேயே கிடைக்கும். அவருக்கு அதை அனுப்பிவைத்தேன். ஸ்கேன் சாய்ந்திருக்கும், பெரிதாக்கித்தான் படிக்க வேண்டும். ஒரு சாவடிக்குள் நாலைந்து தெரு வரும் என்பதால் அவர் தெருவை மட்டும் பிரித்துப் பார்க்கவும் முடியாது.