ஜொய்ஸ்டிக்கின் நடுவும் செஸ்னாவின் இடது இழுப்பும்

கிளிநொச்சியில் எங்கள் வீடு ஏ9 வீதியிலிருந்து உள்ளே இறங்கும் கிரவல் ஒழுங்கையொன்றில் இருக்கிறது. சோளகம் வீசும் மாதங்களில் யன்னல்களைச் சாத்தி வைத்தாலும் கணினி மேசையில் செம்புழுதி படியும். கணினியில் விமானம் ஓட்ட நான் பயன்படுத்தும் ஜொய்ஸ்டிக்கின் கைப்பிடிக்குக் கீழே, அதன் நிலையை அளக்கும் பொட்டென்சியோமீற்றரில் ஒரு தடத்தின்மீது தொடுமுனை உரசிக்கொண்டு நகர்வதால், புழுதியும் தேய்மானமும் சேரும்போது, கையை எடுத்த பின்னரும் அளவீடு ஓரிடத்தில் நிற்காமல் துள்ளும். காந்தப் புலத்தை அளக்கும் ஹோல் உணரி கொண்ட கருவிகளில் இந்த உரசல் இல்லை. என்னிடம் இருப்பது அந்த வகை அன்று.

பிளைட்கியர் என்ற பறப்புப் பாவனை மென்பொருளில் செஸ்னா 172 என்ற ஒற்றை இயந்திரச் சிறு விமானத்தைப் பலாலியிலிருந்து எழுப்பி, ஆனையிறவைக் கடந்து, ஏ9 வீதியை ஒட்டி இரணைமடுக் குளம் வரை பறப்பது என் வழக்கம். ஒவ்வொரு முறையும் ஓடுபாதையில் வேகம் எடுக்கும்போது மூக்கு இடப்பக்கம் இழுபட்டதால், மூக்கை இடம் வலமாகத் திருப்பும் சுக்கானுக்குக் கொடுத்திருந்த, கைப்பிடியை முறுக்கும் அசைவை அளக்கும் அச்சு பிசகிவிட்டதென்று முடிவுசெய்து, அமைவுக் கோப்பில் வலப்பக்கமாகச் சிறு பெயர்ச்சி ஒன்றைச் சேர்த்தேன். எழும்புவது நேராயிற்று. ஆனால் இறங்குவதற்காக, இயந்திர வலுவைக் கட்டுப்படுத்தும் திறொட்டிலைக் குறைத்ததும் மூக்கு வலப்பக்கம் திரும்பத் தொடங்கியது. 65 நொட் வேகத்தில் ஓடுபாதையை நெருங்கும் நேரத்தில் அது பெரிய தொல்லை. ஒற்றை இயந்திர விமானம் முழு வலுவில் இடப்பக்கம் இழுப்பது, சுழலியின் முறுக்குவிசையாலும் அது பின்தள்ளும் காற்றின் சுழற்சியாலும் வரும் இயல்பு. அதை விமானி வலக் காலால் திருத்த வேண்டும். விமானத்தின் இயல்பைக் கருவியின் பிழையென்று எண்ணி, சரியாக இருந்த அச்சை நானே கெடுத்திருந்தேன்.

ஆகவே இப்போது இயந்திரத்தை நிறுத்திவைத்துத்தான் அச்சுகளைச் சோதிக்கிறேன். முதலில் விண்டோஸின் கேம் கொன்ட்ரோலர்ஸ் சாளரத்தில் அளவுதிருத்தத்தைத் தொடங்கி, மூலத் தரவைக் காட்டும் பெட்டியைத் தெரிவுசெய்தால் உண்மையான எண்கள் தெரியும். என் கருவியில் கிடை அச்சு 0 முதல் 1023 வரை செல்வதால் நடு 512ஐ அண்டியிருக்க வேண்டும். கைப்பிடியை ஒவ்வொரு திசையிலும் தள்ளி விட்டுவிட்டு, அது எங்கே வந்து நிற்கிறதென்று பார்ப்பேன். இடமிருந்து திரும்பும்போது ஓர் எண்ணும் வலமிருந்து திரும்பும்போது வேறோர் எண்ணும் வந்தால், அந்த இடைவெளிதான், நடுவை அண்டிய சிறு அசைவுகளைப் புறக்கணிக்கும் செயலற்ற வலயத்தின் அகலத்தைத் தீர்மானிக்க வேண்டியது. அளவுதிருத்தம் செய்யாமலே அகலமான செயலற்ற வலயத்தை வைப்பதை நான் ஏற்பதில்லை. நடு பிசகியிருப்பதை அது மறைக்கும், தரையிறங்கும்போது தேவைப்படும் நுண்ணிய அசைவையும் விழுங்கிவிடும்.

அச்சுகளை ஒப்படைப்பதில், விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் எயிலரோனும் சுக்கானும் எளியவை. மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேற்றரில், கைப்பிடியைப் பின்னே இழுத்தால் மூக்கு மேலெழ வேண்டுமென்பதால் பிளைட்கியரில் பெருக்கி பெரும்பாலும் -1 ஆக இருக்கும். திறொட்டிலில்தான் பலரும் இடறுகிறார்கள். நெம்புகோல் அனுப்புவது -1 முதல் 1 வரையான எண். இயந்திரம் கேட்பதோ 0 முதல் 1 வரை. முன்னே தள்ளிய நிலையில் -1 வரும் கருவிக்கு, -1ஐக் கூட்டி -0.5ஆல் பெருக்கினால் முழு வலுவுக்கு 1உம் மூடிய நிலைக்கு 0உம் கிடைக்கும். இந்தக் கணக்கு இல்லாவிட்டால் நெம்புகோலின் பாதித் தூரம் வீணாகும்.

உணர்திறன் வளைவை எலிவேற்றருக்கு மட்டும் சிறிதளவு வைத்திருக்கிறேன். வர்க்க வளைவில் பாதித் தள்ளலுக்குக் கால் பங்கு விளைவே கிடைப்பதால் நடுப்பகுதியில் கை நிதானப்படும். கன வளைவில் அது எட்டில் ஒன்றாகக் குறைந்து, ஓரத்தை நெருங்கும்போது திடீரென்று பாய்வதால் அதைக் கைவிட்டேன்.

மாதம் ஒருமுறை நடு எண்களைக் கொப்பியில் குறித்துவைக்கிறேன். கடைசியாக எழுதியவை 509உம் 515உம். செயலற்ற வலயம் இன்னும் 0.02தான்.