கடல் இல்லாத ஊரிலிருந்து கப்பல் சொற்களைப் படிக்க

ஐஎம்யு-செட் (இந்தியக் கடல்சார் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு) எழுதப்போகிற வேலூர், குடியாத்தம், ராணிப்பேட்டைப் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது: "அண்ணா, கப்பல் வார்த்தையெல்லாம் எப்படிப் படிக்கிறது?" நுழைவுத் தேர்வுக்கென்று இதற்காக மெனக்கெட வேண்டியதில்லை. மூன்று மணி நேரத்தில் 200 கேள்விகள்; கணக்கு, இயற்பியல், வேதியியல், ஆங்கிலம், பொது அறிவு, ஆப்டிட்யூட். பிளஸ் டூ பாடம் கையில் இருந்தால் போதும். கப்பல் சொற்கள் கைகொடுப்பது அதற்குப் பிறகு, கம்பெனிகள் ஸ்பான்சர்ஷிப்புக்கு நடத்தும் இன்டர்வியூவில்.

அகரவரிசைப் பட்டியலை மனப்பாடம் செய்யாதீர்கள், இரண்டே நாளில் கலைந்துவிடும். பெரிய தாளில் கப்பலை மேலிருந்து பார்ப்பதுபோல் வரையுங்கள். முன்முனை பவ், பின்முனை ஸ்டெர்ன், கப்பலில் பவ்வைப் பார்த்து நின்றால் இடப்பக்கம் போர்ட், வலப்பக்கம் ஸ்டார்போர்டு. காட்பாடியில் சென்னை ரயில் ஏறும்போது, வண்டி போகிற திசைக்கு முதுகு காட்டி உட்கார்ந்து பாருங்கள். உங்கள் இடதும் வலதும் மாறிவிடும். வண்டியின் இடதும் வலதும் மாறாது. போர்ட், ஸ்டார்போர்டு அப்படித்தான்.

என் இன்டர்வியூவில் கேப்டன் கேட்ட முதல் கேள்வியே இதில்தான். "இந்த ரூம் ஒரு கப்பல். ஸ்டார்போர்டு எது, காட்டுப்பா." நான், "பவ் எந்தப் பக்கம் சார்?" என்று கேட்டேன். அவர் எதிர்பார்த்தது அந்தக் கேள்வியைத்தான். பவ் தெரியாமல் யாராலும் ஸ்டார்போர்டைக் காட்ட முடியாது.

அடுத்து விளக்குகள். இங்கே அவசரப்படாதீர்கள். போர்ட் பக்கம் சிவப்பு, ஸ்டார்போர்டு பக்கம் பச்சை, ஒவ்வொன்றும் தெரிகிற கோணம் 112.5 டிகிரி. ஸ்டெர்ன் விளக்கு வெள்ளை, 135 டிகிரி. மூன்றையும் கூட்டினால் 360. கப்பலைச் சுற்றி எங்கிருந்து பார்த்தாலும் ஏதாவது ஒன்று தெரியும். இப்போது இரவில் நடுக்கடலில் நீங்கள் எஞ்சின் கப்பலில் நிற்கிறீர்கள். வலப்பக்கம் முன்னால் இன்னொரு எஞ்சின் கப்பலின் சிவப்பு விளக்கு தெரிகிறது. அதன் போர்ட் பக்கத்தைப் பார்க்கிறீர்கள், அது உங்கள் பாதையைக் குறுக்கே கடக்கிறது. கடல்வழி மோதல் தடுப்பு விதிகளில் 15ஆம் விதிப்படி ஒதுங்கவேண்டியது நீங்கள்தான். தாளில் இரண்டு கப்பல்களை வெட்டி வைத்து நகர்த்திப் பாருங்கள், விதியும் சொல்லும் சேர்ந்தே மனதில் நிற்கும். கப்பலைச் செலுத்தும் டெக் பிரிவுக்கு நிறப்பார்வை கட்டாயம் என்பதற்கும் இந்த விளக்குகளே காரணம். ஆகவே ஃபீஸ் கட்டும் முன், டிஜி ஷிப்பிங் (மத்திய அரசின் கப்பல் துறை இயக்குநரகம்) அங்கீகரித்த மருத்துவரிடம் கண்ணைக் காட்டிவிடுங்கள், தம்பி. பணம் கட்டிய பிறகு தெரியவந்தால் வீடே உடைந்துபோகும்.

கப்பலைப் பக்கவாட்டில் இன்னொரு படமாக வரையுங்கள். நீர்மட்டத்திலிருந்து கீழே அடிவரை டிராஃப்ட், மேலே டெக் (மேல்தளம்) வரை ஃப்ரீபோர்டு. எவ்வளவு ஏற்றலாம் என்று பக்கவாட்டில் வரைந்திருக்கும் எல்லைக்கோடு லோட் லைன். அதற்காகப் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் போராடிய சாமுவேல் பிளிம்சால் பெயரிலும் சொல்வார்கள். நன்னீருக்கான எஃப் கோடு, கோடைக்கால எஸ் கோட்டுக்கு மேலே ஏன் இருக்கிறது என்று கேட்பார்கள். நன்னீருக்கு அடர்த்தி குறைவு, கப்பல் கூடுதலாக அமிழும். ஆர்க்கிமிடிஸ் தத்துவம், பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்.

நாட் என்பது வேகம்: மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீட்டர். "மணிக்கு 15 நாட்" என்று சொல்லிவிடாதீர்கள், "15 நாட்" போதும். கிராஸ் டன்னேஜ் கப்பலின் உள்கொள்ளளவைக் குறிப்பது, எடையை அல்ல. டெட்வெயிட் என்பதே கப்பல் சுமக்கக்கூடிய எடை.

சுக்கான் கட்டளைகளை வாய்விட்டுத்தான் படிக்கவேண்டும். சாயங்காலம் மாடியில் அக்கா "ஸ்டார்போர்டு டென்" என்பாள், அதாவது சுக்கானை வலப்பக்கம் பத்து டிகிரி திருப்பு. நான் அதையே திருப்பிச் சொல்லி, வீல் திருப்புவதுபோல் கையைத் திருப்பி, முடிந்ததும் "வீல் ஸ்டார்போர்டு டென்" என்பேன். "மிட்ஷிப்ஸ்" (சுக்கானை நடுவுக்குக் கொண்டு வா), "ஸ்டெடி" (திரும்புவதை நிறுத்தி நேராக வை) எல்லாம் அப்படியே வந்தன. கப்பலிலும் கட்டளையைத் திருப்பிச் சொல்லிவிட்டே நிறைவேற்றுவார்கள், தப்பாகக் காதில் விழுந்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். கூட ஆள் இல்லையென்றால் போனில் உங்கள் குரலிலேயே கட்டளைகளைப் பதிவுசெய்து, இடைவெளி விட்டு ஓடவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

பாய்மரக் காலத்துக் கயிற்றுப் பெயர்களை இப்போதைக்கு விட்டுவிடலாம். ஹெட் லைன், ஸ்டெர்ன் லைன், பிரெஸ்ட் லைன், ஸ்பிரிங் என்று கப்பலைத் துறையில் கட்டும் கயிறுகளை மட்டும் முதல் படத்திலேயே வரைந்து வையுங்கள்.