எண்பது மில்லி

ஆற்றில் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று மேலதிகாரி கேட்டால் "நிறையப் போகுது சார்" என்று நான் சொல்ல முடியாது. மட்டம் எத்தனை மீட்டர், விநாடிக்கு எத்தனை கனஅடி என்று எண்ணாகச் சொல்லவேண்டும். நீரளவை நிலையம் ஒன்றில் பதினான்கு வருடமாக எனக்கு இதுதான் வேலை. ஆனால் என் மாதவிடாய் பற்றி டாக்டர் கேட்டபோதெல்லாம் "கொஞ்சம் அதிகம்தான்" என்பதற்கு மேல் நான் சொன்னதே கிடையாது.

ஒருநாள் படி ஏறும்போது மூச்சு வாங்கியது. ரத்தப் பரிசோதனை செய்ததில் ஹீமோகுளோபின் 10.8. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகைக் கணக்கு. மகப்பேறு மருத்துவர்தான் இப்படி ஒரு கிளினிக்கல் ட்ரையல் நடக்கிறது, சேர விருப்பமா என்று கேட்டார். அதிக உதிரப்போக்குக்கு ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கும் டிரானெக்சாமிக் அமிலத்தை, மெதுவாகக் கரையும் மாத்திரையாகக் கொடுத்துப் பார்க்கும் ஆய்வு அது. ரத்தம் உறைந்து அடைப்பு ஏற்பட்ட இடத்தை உடலே கரைக்கத் தொடங்கும் அல்லவா, அந்தக் கரைப்பைத் தடுக்கும் மருந்து. கரை அரிப்பைத் தடுக்கும் வேலை என்று எனக்கு நானே மொழிபெயர்த்துக்கொண்டேன். 1962-இல் ஜப்பானில் ஒகமோட்டோ தம்பதி கண்டறிந்தது. அந்த அம்மையாரை இதில் இறக்கியதே பிரசவத்தின்போது ரத்தம் போய்ச் சாகும் பெண்கள்தான் என்று படித்தபோது மருந்தின் மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

ஒப்புதல் படிவம் இருபத்தியொரு பக்கம். ஆய்வு நர்ஸ் ஒரு மணி நேரம் உட்கார்ந்து வரிவரியாக விளக்கினார். காலில் வீக்கம், திடீர் மூச்சுத் திணறல் வந்தால் அடுத்த விசிட் வரை காத்திருக்காமல் உடனே கூப்பிட வேண்டும், ஏற்கெனவே ரத்தக்குழாயில் ரத்தம் கட்டி அடைத்தவர்களைச் சேர்க்கவே மாட்டார்கள், இப்படிப் பல. கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தேன். அவர் படிவத்தை மூடிவிட்டார். "இப்போ நீங்க எனக்குச் சொல்லுங்க மேடம். பாதியில விலகினா என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது. வழக்கமான சிகிச்சை தொடரும். காரணம் சொல்லணும்னுகூட இல்ல."

"பிளசிபோ, அதாவது மருந்தே இல்லாத வெறும் மாத்திரை, கிடைச்சா?"

"கிடைச்சதே எனக்குத் தெரியாது."

"எனக்கும் தெரியாது," என்றார். அப்புறம்தான் படிவம் திரும்ப வந்தது.

ஒரே ஒரு விஷயத்தில் எரிச்சல். ஒவ்வொரு விசிட்டுக்கும் கர்ப்பப் பரிசோதனை. தனியாக இருப்பவள், வாய்ப்பே இல்லை என்று சொன்னாலும் சிறுநீர்க் குப்பியை நீட்டுவார்கள். நாலாவது முறை கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன். ஆய்வு மருத்துவர் தாலிடோமைட் கதையில் ஆரம்பித்தார். கர்ப்பிணிகள் குமட்டலுக்குச் சாப்பிட்ட மாத்திரை, கைகால் வளர்ச்சி குன்றிய ஆயிரக்கணக்கான குழந்தைகள். அந்தப் பயத்தின் தொடர்ச்சியாக 1977-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, குழந்தை பெறும் வாய்ப்புள்ள பெண்களை ஆரம்பக் கட்ட மருந்து ஆய்வுகளில் சேர்க்கவேண்டாம் என்று வழிகாட்டுதலே கொடுத்தது. அதைத் தளர்த்த 1993 ஆனது. "அப்ப கதவையே சாத்திட்டாங்க. இப்ப கதவைத் திறந்துட்டு வாசல்ல ஒரு குப்பி வெச்சிருக்கோம்," என்றார். எரிச்சல் முழுக்கப் போகவில்லை. ஆனால் குப்பியை வாங்கிக்கொண்டேன்.

முதல் இரண்டு மாதம் மருந்தே கிடையாது. அளவு மட்டும் எடுப்பார்கள். இங்கேதான் எனக்கு ஆர்வம் பிடித்தது. இரண்டு விதமாக அளக்கிறார்கள். ஒன்று, படம் போட்ட அட்டவணை. லேசாக, பாதியாக, முழுக்க நனைந்த நாப்கின் என்று மூன்று படங்கள். லேசானதற்கு 1, பாதிக்கு 5, முழுக்க நனைந்ததற்கு 20. சிறிய ரத்தக்கட்டிக்கு 1, பெரியதற்கு 5. மாத முடிவில் கூட்டுத்தொகை 100-ஐத் தாண்டினால் ரத்தம் 80 மில்லிக்கு மேல் போயிருக்கும் என்பது கணக்கு. 80 மில்லிதான் 'அதிகம்' என்பதற்கு ஆராய்ச்சியாளர்கள் வைத்திருக்கும் கோடு. இந்த அட்டவணை 1990-இல் வந்தது.

இன்னொன்று 1964-இலிருந்து இருக்கும் முறை. பயன்படுத்திய நாப்கின் ஒவ்வொன்றையும் பையில் போட்டுத் தேதி, நேரம் எழுதிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஆய்வகத்தில் அதை சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்து, கரைந்து வரும் ஹீமோகுளோபினை நிறத்தை வைத்து அளப்பார்கள். அதே காலத்தில் கையிலிருந்து எடுத்த ரத்தத்தோடு ஒப்பிட்டால் எத்தனை மில்லி என்று வந்துவிடும். வெளியேறுவதில் கணிசமான பங்கு ரத்தமே இல்லை என்பது இந்த முறையால்தான் பிடிபடும். வெள்ளத்தில் வண்டலைத் தனியாகக் கணக்கிடுவது போல.

எனக்கு இது புதிதாகவே தோன்றவில்லை. ஆற்றங்கரை அளவுகோலில் மட்டத்தைத்தான் பார்க்கிறோம், தண்ணீரின் அளவை அது சொல்லாது. அளவு வேண்டுமானால் ஆற்றின் குறுக்கே இடம் இடமாக வேகம் அளக்கும் மீட்டரை இறக்க வேண்டும். மேலிருந்து ஆழத்தில் பத்தில் ஆறு பங்கு போனால் கிடைக்கும் வேகம் அந்த இடத்தின் சராசரிக்கு நெருங்கி நிற்கும். வேகத்தைப் பரப்பால் பெருக்கிக் கூட்டினால் நீரோட்டம். இப்படிப் பலமுறை அளந்து வைத்துக்கொண்டால், அப்புறம் மட்டத்தைப் பார்த்தே அளவைச் சொல்லிவிடலாம். படம் போட்ட அட்டவணை எங்கள் அளவுகோல். சோடியம் ஹைட்ராக்சைடு எங்கள் மீட்டர். இதை நர்ஸிடம் சொன்னேன். "அப்ப டைரி நீங்க ஒழுங்கா எழுதுவீங்க," என்று சிரித்தார்.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

இரண்டாவது மாதம், மூன்றாம் நாள் ராத்திரி. மேலே மழை. ஒவ்வொரு மணிக்கும் மட்டம் எடுத்துச் சொல்ல வேண்டிய நிலை. நனைந்த ரெயின்கோட், தலையில் டார்ச், அளவுகோலில் மோதும் செத்தை. நாப்கின் மாற்ற நிலையத்தின் சின்னக் கழிப்பறைக்கு ஓடினேன், வழக்கம்போல் காகிதத்தில் சுருட்டித் தொட்டியில் போட்டேன், ஓடி வந்தேன். விடியற்காலை இன்னொரு முறையும் அப்படியே. காலை எட்டு மணிக்கு வெள்ளம் இறங்கத் தொடங்கியபோதுதான் கைப்பையில் காலியாகக் கிடந்த இரண்டு பைகளும் ஞாபகத்துக்கு வந்தன. தொட்டியை அதற்குள் காலி செய்துவிட்டார்கள்.

ஒரு யோசனை வந்தது, மறைக்கவில்லை. அன்றைக்கு மாற்றிய மற்ற நாப்கின்களைப் போலத்தானே இவையும் இருந்திருக்கும், டைரியில் இரண்டு 20 போட்டுவிட்டால் என்ன? இதே வேலையைச் செய்த பழைய ஊழியர் ஒருவரை எனக்குத் தெரியும். ஆற்றுக்குப் போகாமல் வீட்டிலிருந்தே காலை, மதியம், மாலை மூன்று மட்டமும் எழுதிவிடுவார். மூன்று மாதம் ஒரு சென்டிமீட்டர்கூட ஏறி இறங்காத ஆறு அவருடையது. நோட்டைப் பார்த்தவுடனே தெரிந்துவிடும். டைரி எழுதும் நோயாளிகளும் அவருக்குச் சளைத்தவர்கள் இல்லையாம். 2002-இல் வெளியான ஓர் ஆய்வில், காகித டைரியைத் திறந்தால் பதிவாகும் சிப் ஒன்றை ரகசியமாக வைத்துப் பார்த்திருக்கிறார்கள். நேரத்துக்கு எழுதினோம் என்று டைரிகள் காட்டியது 90 சதவீதம். உண்மையில் எழுதியது 11.

நர்ஸுக்குப் போன் செய்து சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "இரண்டு பை இல்லை, காரணம் பணி, அப்படின்னு எழுதுங்க. ஊகம் மட்டும் வேண்டாம்," என்றார். கூடவே இன்னொன்றும் சொன்னார். இரண்டு மாதச் சராசரி 80-க்குக் கீழே போனால் நான் ஆய்வில் சேரமுடியாது. அடுத்த பதினைந்து நாள் அந்த இரண்டு நாப்கின்களைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதல் மாதம் 118 மில்லி, இரண்டாவது 106. அந்த இரண்டும் இல்லாமலே 106. சேர்த்துக்கொண்டார்கள்.

எண்ணைப் பார்த்து நான் பதறவில்லை, கோபம்தான் வந்தது. இத்தனை வருடம் 'கொஞ்சம்' என்று சொல்லிக்கொண்டிருந்தது இதையா? அறுபதுகளிலேயே ஸ்வீடனில் அளந்து பார்த்திருக்கிறார்கள். 80 மில்லிக்கு மேல் போகும் பெண்களில் கணிசமானோர் தங்களுக்கு எல்லாம் இயல்பாக இருப்பதாகவே சொன்னார்களாம். ஒப்பிட வேறு ஆறு கிடையாதே.

அடுத்த மூன்று மாதம் மாத்திரை. உதிரப்போக்கு நாட்களில் மட்டும், அதிகபட்சம் ஐந்து நாள். இரும்புச்சத்து மாத்திரை எல்லோருக்கும் பொது. ஒரு முறை தலைவலி வந்தது, அதையும் எழுதினேன். ஆனால் போக்கு குறைந்தது, எனக்கே தெரிந்தது. ராத்திரி எழுந்து மாற்றுவது இரண்டிலிருந்து ஒன்றாயிற்று. எனக்கு அசல் மருந்துதான் கிடைத்திருக்கிறது என்று தங்கையிடம் அடித்துச் சொன்னேன்.

ஆய்வு முழுக்க முடிந்து, யாருக்கு எது கிடைத்தது என்ற ரகசியம் பிரிக்க வெகுநாள் ஆயிற்று. கடிதம் வந்தது. மூன்று மாத அளவு 98, 91, 96. எனக்குக் கிடைத்தது பிளசிபோ.

சிரிப்புத்தான் வந்தது. வெள்ளம் உச்சத்தில் இருக்கும்போதுதானே எங்களை அவசரமாகக் கூப்பிடுவார்கள். நாங்கள் போய் இறங்கியதும் தண்ணீர் வடியத் தொடங்கும். அந்த நேரம் பார்த்து யாராவது கரையில் நின்று கையை உயர்த்தினால் வெள்ளத்தை இறக்கிய புண்ணியம் அவருக்குப் போய்விடும். நானும் மிக மோசமான மாதங்களில்தான் டாக்டரிடம் போயிருந்தேன். அங்கிருந்து கொஞ்சம் இறங்கியே தீரும். மருந்து அதையும் தாண்டி இறக்குகிறதா என்று தெரிய, என்னைப் போல் வெறும் மாத்திரை விழுங்கியவர்களும் வேண்டியிருக்கிறது.

அடுத்த வாரம் என் பழைய மருத்துவரிடம் போனேன். போக்கு எப்படி இருக்கிறது என்று வழக்கம்போல் கேட்டார். தாளை மேசைமேல் வைத்தேன். "சிகிச்சை இல்லாம சராசரி 112. அதுல ஒரு மாசம் ரெண்டு பை குறையுது." கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அவர் தாளைத் தன் பக்கம் இழுத்தார்.