ஸ்டோர்ஸ் வேலையிலிருந்து எஸ்ஏபி எம்எம் வரை: நான் கற்ற விதம்

ஓசூர் சிப்காட்டில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் வேலை பார்த்துக்கொண்டே எஸ்ஏபி கற்றேன். ஒரு கம்பெனியின் கொள்முதல், ஸ்டாக், உற்பத்தி, கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாக நடத்தும் மென்பொருள் அது. இப்போது வேறொரு பெரிய தொழிற்சாலையில் கொள்முதல், ஸ்டோர்ஸ் பகுதிகளுக்கு எஸ்ஏபி கீ யூசராக, அதாவது துறை சார்பில் எஸ்ஏபியைப் பார்த்துக்கொள்பவராக இருக்கிறேன். பி.காம். முடித்து டேலியோடு நின்றுவிட்டவர்கள், பர்ச்சேஸிலும் ஸ்டோர்ஸிலும் பல வருடம் ஓட்டியவர்கள் என்று நிறையப் பேர் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "எந்த மாட்யூல் எடுக்கலாம், எங்கே படிக்கலாம்?" என் வழியைச் சொல்கிறேன். உங்களுக்குப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மாட்யூல், அதாவது எஸ்ஏபியில் ஒரு துறைக்கான பகுதி. எஃப்ஐசிஓ (நிதி, கணக்கு) படித்தால் சம்பளம் அதிகம், அபாப் (எஸ்ஏபியின் நிரல் மொழி) படித்தால் ஐடி கம்பெனிக்குப் போகலாம் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். நான் எம்எம் (கொள்முதல், சரக்கு மேலாண்மை) எடுத்ததற்குக் காரணம் எளிமையானது. கேட் என்ட்ரி, டெலிவரி சலான், ஜிஆர்என் (சரக்கு வரவுச் சீட்டு), பின் கார்டு (பொருளின் இருப்பு அட்டை), வருடக் கடைசி ஸ்டாக் எண்ணிக்கை எல்லாம் என் கை பழகிய வேலைகள். பார்ட்டி (சரக்கு அனுப்புபவர்) பில்லில் விலை கூடி வந்தால் அக்கவுண்ட்ஸில் என்ன சண்டை நடக்கும் என்றும் தெரியும். எஸ்ஏபியில் பாதி, தொழில் தெரிவது, மீதிதான் மென்பொருள். ஏற்கெனவே கையில் இருக்கும் பாதியை விட்டுவிட்டு இரண்டையும் புதிதாகத் தொடங்க வேண்டுமா? கணக்கு எழுதியவர் எஃப்ஐசிஓ பக்கம் போகட்டும், புரொடக்‌ஷன் பிளானிங்கில் இருந்தவர் பிபி எடுக்கட்டும்.

பெங்களூரில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. சேர்வதற்கு முன் சில இடங்களில் விசாரித்தேன். ஓர் இடத்தில் பாடத்திட்டத்தைவிட அதிகமாகப் பேசியது "மூன்று வருட அனுபவச் சான்றிதழ் நாங்களே தருவோம்" என்பதைப் பற்றி. அங்கிருந்து எழுந்து வந்துவிட்டேன். இதில் எனக்கு இரண்டாம் கருத்தே கிடையாது. பொய் அனுபவம் போட்டு உள்ளே போனவரை நம்பி ஒரு கம்பெனி தன் ஸ்டாக் மதிப்பையே ஒப்படைக்கிறது. அது தவிர, பிஎஃப் யுஏஎன் எண்ணை வைத்து நீங்கள் எங்கே, எப்போது வேலை பார்த்தீர்கள் என்று சரிபார்ப்பது இன்று சாதாரணம். உண்மையான ஸ்டோர்ஸ் அனுபவத்தை மறைத்துவிட்டுப் பொய்யான கன்சல்டன்ட் அனுபவத்தைக் காட்டச் சொல்கிறார்கள், பாருங்கள். விற்க வேண்டியதே அந்த உண்மையான அனுபவத்தைத்தான்.

நான் சேர்ந்த இடத்தில் ஆசிரியர் பல புராஜெக்ட்களில் வேலை செய்தவர். ஆரம்ப வகுப்புகள் கம்பெனி கோடு, பிளான்ட், ஸ்டோரேஜ் லொகேஷன், பர்ச்சேஸ் ஆர்கனைசேஷன் என்று அமைப்பிலேயே போயின. அது மனப்பாடம் மாதிரிதான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் சரக்கு வரவைப் பதியும் மிகோ திரைக்கு வந்தோம். எனக்கு எஸ்ஏபி புரிந்தது அங்கேதான்.

நூறு பீஸ், பீஸ் 50 ரூபாய் என்று எம்ஈ21என் என்ற திரையில் ஒரு பிஓ (கொள்முதல் ஆர்டர்) போட்டோம். சரக்கு வந்ததும் மிகோவில் 101 மூவ்மென்ட், அதாவது சரக்கு வரவுக்கான எண். சேவ் செய்தவுடன் ஒரு மெட்டீரியல் டாக்குமென்ட் வந்தது. "அக்கவுண்டிங் டாக்குமென்ட்டையும் திறங்க" என்றார் சார். திறந்தால், ஸ்டாக் கணக்கில் 5,000 டெபிட், ஜிஆர்-ஐஆர் கணக்கில் 5,000 கிரெடிட். சரக்கு வந்து பில் பதியும்வரை தொகை நிற்கும் இடைக்கணக்கு அது. ஜர்னல் என்ட்ரியை யாரும் போடவில்லை. ஸ்டோர்ஸில் சரக்கை வரவு வைத்ததே ஜர்னல் என்ட்ரி ஆகிவிட்டது. அடுத்து, பில்லைப் பதியும் மிரோ. பார்ட்டி 52 ரூபாய் விலையில் பில் அனுப்பியிருக்கிறார் என்று வைத்துக்கொண்டோம். 5,200, அதோடு சிஜிஎஸ்டி 468, எஸ்ஜிஎஸ்டி 468, மொத்தம் 6,136 பார்ட்டிக்குக் கிரெடிட். ஜிஆர்-ஐஆர் 5,000 நேராகிவிட்டது. மீதி 200? அந்த மெட்டீரியலுக்கு மூவிங் ஆவரேஜ் விலை (வரவுக்கு வரவு மாறும் சராசரி) வைத்து, சரக்கும் கையில் இருந்தால் ஸ்டாக் மதிப்பில் ஏறும். ஸ்டாண்டர்ட் விலை (முன்பே நிர்ணயித்தது) என்றால் விலை வித்தியாசக் கணக்குக்குப் போகும். வித்தியாசம் அனுமதித்த அளவைத் தாண்டினால் பில் பேமென்ட்டுக்குப் போகாமல் பிளாக் ஆகி நிற்கும். எம்ஆர்பிஆர் என்ற திரையில் ஒருவர் பார்த்து விடுவிக்க வேண்டும்.

என் பழைய வேலையில் இந்த ஜிஆர்என்னைக் கையால் எழுதி, மூன்றாவது காப்பியை அக்கவுண்ட்ஸ் டிரேயில் வைப்பதோடு என் கதை முடிந்துவிடும். அந்தத் தாள் அங்கே போய் என்ன ஆகிறது என்று அன்றுதான் முழுதாகப் பார்த்தேன். 1972-ல் ஐபிஎம்மிலிருந்து வெளியே வந்த ஐந்து பேர் ஜெர்மனியில் எஸ்ஏபியைத் தொடங்கியபோது எடுத்துக்கொண்ட வேலையும் இதுதான்: ஒரு தகவலை ஒருமுறை பதிந்தால் அந்த நொடியிலேயே எல்லாத் துறைக்கும் அது கிடைக்க வேண்டும். டி-கோடுகளை (மிகோ, மிரோ போன்ற திரைப் பெயர்களை) யார் வேண்டுமானாலும் ஒரு வாரத்தில் மனப்பாடம் செய்யலாம். ஒவ்வொரு பதிவுக்குப் பின்னாலும் எந்தக் கணக்கு அசைகிறது என்று சொல்லத் தெரிந்தவருக்குத்தான் வேலை கிடைக்கிறது.

ஓசூர் மாதிரி ஊரில் இருப்பவர்கள் தவறாமல் பிடித்துக்கொள்ள வேண்டிய இன்னொரு பகுதி ஜாப் வொர்க். காஸ்டிங்கை (வார்ப்புப் பொருளை) நாம் வாங்கி, மெஷினிங்குக்கோ பிளேட்டிங்குக்கோ வெளியே கொடுத்து வாங்குகிறோம். எக்சைஸ் காலத்தில் ஜாப் வொர்க்குக்குச் சரக்கு அனுப்பிய 57எஃப்4 சலான் என்ற பெயர் இன்னும் எங்கள் ஸ்டோர்ஸ் ஆட்களின் வாயில் இருக்கிறது. எஸ்ஏபியில் இதற்கு சப்கான்ட்ராக்டிங் பிஓ, ஐட்டம் கேட்டகரி எல். காஸ்டிங்கை அனுப்பும்போது 541 மூவ்மென்ட். அப்போது கணக்கில் ஒரு பைசா நகராது, ஏனென்றால் சரக்கு அவர் ஷெட்டில் இருந்தாலும் நம்முடையதுதான். முடிந்த பொருள் திரும்பி வந்து 101 போடும்போதுதான், அவரிடம் இருந்த காஸ்டிங் 543-ல் தானாகக் கழிகிறது; கூலி மட்டும் ஜிஆர்-ஐஆருக்குப் போகிறது. யாரிடம் எவ்வளவு கிடக்கிறது என்று பார்க்க எம்ஈ2ஓ. ஜிஎஸ்டி சட்டத்தின் 143-வது பிரிவுப்படி, அனுப்பிய மூலப்பொருள் ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கருதி வரி வரும். ஆகவே 541-ஐப் போடாமல் வெறும் சலானில் சரக்கு வெளியே போனால் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஸ்டோர்ஸில் இருந்தவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

பயிற்சிக்கு சர்வர் அவசியம். வீடியோ மட்டும் பார்த்து எஸ்ஏபி வராது. எஸ்ஏபியின் சொந்தக் கற்றல் தளத்தில் பல பாடங்கள் இலவசம். ஆனால் கை வைத்துப் பழகும் சிஸ்டத்துக்குப் பணம் கட்ட வேண்டும். வகுப்புக் கட்டணத்தில் சர்வர் எத்தனை மாதம், அது ஈசிசியா (பழைய எஸ்ஏபி) எஸ்/4ஹானாவா (புதியது), கான்ஃபிகரேஷனுக்கு (அமைப்புகளை மாற்ற) அனுமதி உண்டா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். பணமே செலவழிக்க முடியாத நிலை என்றால் மும்பையில் உருவான ஈஆர்பிநெக்ஸ்ட் இருக்கிறது. திறந்த மூல மென்பொருள், சொந்தக் கணினியிலேயே நிறுவலாம். பிஓ, சரக்கு வரவு, பில் என்ற ஓட்டம் அதிலும் அதேதான்.

சர்வரில் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தவை எரர் செய்திகள். சரக்கு வரவு வைக்கப் போனால், "பிஎஸ்எக்ஸ் பதிவுக்கு அக்கவுண்ட் டிடர்மினேஷன் இல்லை" என்று சிவப்பில் நிற்கும். ஸ்டாக் மதிப்பை எந்தக் கணக்கில் போடுவது என்று சிஸ்டத்துக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். சாரைக் கேட்டால் பதில் சொல்ல மாட்டார். "மெட்டீரியல் மாஸ்டர்ல வேல்யுவேஷன் கிளாஸ் என்னன்னு பாருங்க, அப்புறம் ஓபிஒய்சி போங்க" என்பதோடு சரி. ஓபிஒய்சி, கணக்குகளை இணைக்கும் திரை. தேடிப் போனால், அந்த வேல்யுவேஷன் கிளாஸுக்கு (பொருளை எந்தக் கணக்கோடு சேர்ப்பது என்று காட்டும் குறியீட்டுக்கு) ஜி/எல் கணக்கே இணைத்திருக்காது. பீரியட் (கணக்கு மாதம்) திறக்கவில்லை என்று இன்னொன்று வரும், அதற்கு எம்எம்பிவி. ஒவ்வொரு எரரையும், எங்கே போய்ச் சரிசெய்தேன் என்பதையும் நோட்டில் எழுதி வைத்தேன். நேர்காணல்களில் என்னைக் காப்பாற்றியது அந்த நோட்டுதான். "103-க்கும் 101-க்கும் என்ன வித்தியாசம்?", "541-க்கு ஏன் அக்கவுண்டிங் டாக்குமென்ட் வராது?" என்று இந்த ரகத்தில்தான் கேட்டார்கள். நேராக கன்சல்டன்ட் வேலை கிடைக்கவில்லை. எண்ட் யூசராக (தினசரிப் பதிவு போடுபவராக) சேர்ந்தேன், பின்பு கீ யூசர். தொழிற்சாலையிலிருந்து வருபவர்களுக்கு இது நல்ல வழி என்றே நினைக்கிறேன்.

சேர்ந்த இடத்தில் ஈசிசியிலிருந்து எஸ்/4ஹானாவுக்கு மாறும் வேலை தொடங்கியது. ஈசிசிக்கான வழக்கமான பராமரிப்பு 2027 முடிவோடு நிற்கப்போகிறது என்பதால் பல கம்பெனிகள் இந்த மாற்றத்தில் இருக்கின்றன. முதலில் மெட்டீரியல் மாஸ்டரைச் சுத்தம் செய்தோம். ஒரே பேரிங் மூன்று பெயரில், மூன்று கோடில் கிடந்தது. கன்சல்டன்ட் குழு கொடுத்த இணைப்புப் பட்டியலில் 6204 இசட்இசட், 6204 2ஆர்எஸ் இரண்டும் ஒரே கோடாக இருந்தன. நான் நிறுத்தச் சொன்னேன். முன்னது இருபுறமும் உலோகத் தகடு மூடியது, பின்னது ரப்பர் சீல். கூலன்ட் தெறிக்கும் இடத்தில் தகடு மூடியதைப் போட்டால் தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். "அண்ணா, இது எங்களுக்கு எப்படித் தெரியும், மீதிப் பட்டியலையும் நீங்களே பார்த்துக் கொடுங்க" என்றார் அந்தக் குழுவில் இருந்த இளைஞர். பழைய ஸ்டோர்ஸ் சகாக்களுக்குப் போன் போட்டுக் கேட்டுக் கேட்டு, பேரிங், ஆயில் சீல், இன்சர்ட் பட்டியல்களை வரிவரியாகச் சரிபார்த்துக் கொடுத்தேன். அதன் பிறகு இந்த மாதிரிப் பட்டியல்கள் முதலில் என் மேசைக்குத்தான் வருகின்றன.

இப்போது கிடங்கு மேலாண்மைக்கான ஈடபிள்யூஎம் படித்துக்கொண்டிருக்கிறேன். ரேக், பின் அளவில் சரக்கை நடத்தும் பகுதி அது. ஸ்டோர்ஸ் ஆட்களுக்கு எம்எம்முக்கு அடுத்த படியாக நன்றாகப் பொருந்துகிறது.